ஹாப்வுட் பரிசு: ஒரு நாடகக்காரரின் உயிலும் மாணவர் எழுத்தும்

கேள்வி: எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து, கதை, கவிதை எழுதும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்க ஓர் அறக்கட்டளை வைக்கலாம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹாப்வுட் பரிசை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே அப்படி என்ன செய்தார்கள்? பரிசு கொடுத்து எழுத்தாளரை உருவாக்க முடியுமா? தலைப்புக் கொடுத்துப் போட்டி நடத்துவது நல்லதா? தொகை எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்:

உருவாக்க முடியாது. ஆனால் எழுத வந்த ஒரு மாணவர் எழுத்தை விட்டுவிடாமல் இருக்க உதவ முடியும். ஹாப்வுட் பரிசு 1931 முதல் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்துவருகிறது. அதற்குப் பின்னால் பெரிய மாயம் எதுவும் இல்லை. சரியாக எழுதப்பட்ட ஓர் உயிலும், அந்த உயிலின் மனத்தைப் புரிந்துகொண்ட சில ஆசிரியர்களும்தான் காரணம். அறக்கட்டளை வைக்கப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த உயிலைத்தான் என்பேன். பரிசு பெற்றவர்களின் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏவரி ஹாப்வுட் 1882ல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரத்தில் பிறந்தவர். ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து 1905ல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே, நாடகம் எழுதினால் பெரும்பணம் சம்பாதிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்து, அதையே தொழிலாக்கிக்கொள்ளத் தீர்மானித்தார். பத்திரிகை நிருபராக நியூயார்க் போனவரின் முதல் நாடகம் அடுத்த ஆண்டே மேடையேறியது. படுக்கையறைக் குழப்பங்களை வைத்து அவர் எழுதிய நகைச்சுவை நாடகங்களும், மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து எழுதிய 'தி பேட்' (வௌவால்) என்ற மர்ம நாடகமும் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் கூட்டத்தை அள்ளின. 1920ல் அவருடைய நான்கு நாடகங்கள் ஒரே சமயத்தில் பிராட்வேயில் ஓடின. பேட்மேனைப் படைத்த பாப் கேன், தமக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்றாக 'தி பேட்' நாடகத்திலிருந்து எடுத்த ஒரு திரைப்படத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்குப் பரவிய எழுத்து அது.

இவ்வளவு சம்பாதித்த மனிதர், காலத்தை வென்று நிற்கும் ஒரு நாவலை எழுதிவிட வேண்டும் என்ற ஆசையோடு இருந்தார். எழுதியும் வைத்திருந்தார். அது வெளிவந்தது 2011ல்தான். அவர் 1928 ஜூலை முதல் தேதி, பிரான்ஸின் தென்கடற்கரையில் நீந்திக்கொண்டிருந்தபோது, 46 வயதில் இறந்துபோனார். உயிலைத் திறந்து பார்த்தபோது, சொத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தது தெரிந்தது. பரிசு தம் பெயரோடு தம் தாயார் ஜூல் ஹாப்வுட்டின் பெயரையும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

உயிலில் நான் முக்கியமாகக் கருதும் செய்திகள் மூன்று. முதலாவது, பரிசுக்குரிய வகைகள்: நாடகம், புனைகதை, கவிதை, கட்டுரை. கட்டுரையை அவர் படைப்பெழுத்தாக ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். இரண்டாவது, எத்தனை பரிசுகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம் என்பதை ஆசிரியர்கள் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். செத்தவர் கை உயிரோடிருப்பவர்களைக் கட்டிப்போடவில்லை. மூன்றாவது, போட்டியிடும் மாணவர்களுக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் சுதந்திரம் தர வேண்டும். புதியதும், வழக்கத்துக்கு மாறானதும், தீவிரமானதும் தனியாக ஊக்குவிக்கப்பட வேண்டும் என்றார். பார்வையாளர் எதை விரும்புவாரோ அதை மட்டுமே எழுதிப் பணக்காரரான ஒருவர், மாணவர்களிடம் அதைக் கேட்கவில்லை. தம்மால் முடியாமல் போனதை அவர்களாவது செய்யட்டும் என்று கேட்டார். அந்த வாக்கியத்தை எப்போது படித்தாலும் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு, தலைப்புக் கொடுக்கலாமா என்பதற்கு, இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. இதற்குச் சான்று வேண்டுமானால் அமெரிக்காவைவிடப் பழைய இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களைப் பார்க்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்டில் சர் ரோஜர் நியூடிகேட் பெயரில் ஒரு கவிதைப் பரிசு 1806 முதல் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு தலைப்பை அறிவிப்பார்கள். ஆஸ்கார் வைல்டு 1878ல் 'ராவென்னா' என்ற கவிதைக்கு அதை வென்றார். அவருக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். முந்தைய ஆண்டுதான் கிரேக்கத்துக்குப் போகும் வழியில் இத்தாலியின் ராவென்னா நகரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஜான் ரஸ்கினுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1839ல் தலைப்பு 'சால்செட்டும் எலிஃபெண்டாவும்'. பம்பாய்க்குப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள் இருக்கும் தீவுகளைப் பற்றி, இந்தியாவையே பார்க்காத ஓர் இளைஞர் பக்கம் பக்கமாக எழுதிப் பரிசு வாங்கினார். அதற்கு முன் இரண்டு முறை முயன்று தோற்றவர் அவர். பின்னாளில் ஓவியத்தைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் கண்ணால் பார்த்ததை மட்டுமே நம்பி எழுதிய அதே ரஸ்கின்தான் இவர். அவருடைய எழுத்தில் இன்றும் நிற்பது எது, அந்தப் பரிசுக் கவிதையா, பிறகு எழுதிய உரைநடையா என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கவிதைப் போட்டியில் 1829ல் தலைப்பு, ஆப்பிரிக்க நகரமான 'டிம்பக்டூ'. பின்னாளில் பெருங்கவிஞரான டென்னிசன் என்ன செய்தார் தெரியுமா? ஏற்கெனவே வேறு விஷயத்தைப் பற்றி எழுதி வைத்திருந்த ஒரு கவிதையை எடுத்து, தலைப்புக்கு ஏற்ப மாற்றி அனுப்பினார். அதுவும் வழக்கமான ஈரடி எதுகைச் செய்யுளில் எழுதாமல் எதுகையில்லாத யாப்பில் அனுப்பினார். தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. உண்மையான கவிஞனுக்குத் தலைப்பு ஒரு தடை. அதைச் சுற்றிக்கொண்டு போக அவனுக்கு வழி தெரியும். வழி தெரியாத ஆயிரம் பேர் தலைப்புக்கு ஏற்ற பொதுக்கருத்துகளை அடுக்கிவிட்டுப் போவார்கள். 'தாய்மை', 'சுதந்திரம்', 'நதிநீர்' என்று நம் கல்லூரிப் போட்டிகளில் தலைப்புக் கொடுத்தால் வந்து குவிவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியூடிகேட் பரிசு தொடங்குவதற்குச் சற்று முன்னால், 1803ல், ஆக்ஸ்ஃபர்டில் 'பாலஸ்தீனம்' என்ற தலைப்பில் எழுதிப் பரிசு வாங்கிய இருபது வயது மாணவர் ஒருவரின் பெயர் தமிழ்நாட்டில் இன்றும் தினமும் ஒலிக்கிறது. அவர் ரெஜினால்ட் ஹீபர். கல்கத்தா ஆயராக இந்தியாவுக்கு வந்து, 1826 ஏப்ரல் 3ல் திருச்சியில் குளிக்கப்போன இடத்தில் இறந்து, அங்கேயே தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். திருச்சியின் பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. அவருடைய பரிசுக் கவிதையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அரங்கேற்றத்துக்கு முன் ஒருநாள் காலை, சிற்றுண்டி மேசையில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டிடம் கவிதையைக் காட்டியிருக்கிறார். சாலமோன் கோயிலைக் கட்டியபோது இரும்புக் கருவியின் ஓசையே கேட்கவில்லை என்று விவிலியம் சொல்கிறதே, அந்த அற்புதமான செய்தியை விட்டுவிட்டாயே என்று ஸ்காட் கேட்டார். ஹீபர் ஒரு மூலைக்குப் போய்ச் சில வரிகள் எழுதிக்கொண்டு வந்தார். சுத்தியல் விழவில்லை, கோடரி ஒலிக்கவில்லை, உயர்ந்த பனைபோல அந்தக் கோயில் எழுந்தது என்ற பொருளில் வரும் அந்த வரிகள்தான் அந்த நீண்ட கவிதையில் பின்னாளில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டவை. நல்ல வாசகர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்ட ஒரு கேள்வி அவற்றைக் கொண்டுவந்தது. தலைப்புக்கு அதில் பங்கில்லை. ஆன் ஆர்பரில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு சம்பவம் உதவும்.

ஹாப்வுட் போட்டியில் தலைப்புக் கிடையாது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவராக, எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிரதியில் சொந்தப் பெயர் இருக்கக் கூடாது, புனைபெயர்தான். இறுதி முடிவு எடுக்கும் நடுவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் எழுத்தாளர்களும் விமர்சகர்களும். இளையவர்கள் மூத்த மாணவர்களோடு மோதி நசுங்கிவிடாமல் இருக்கப் பெரிய பரிசு, சிறிய பரிசு என்று அந்தக் காலத்தில் பிரித்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தனிப் போட்டியும் வந்தது. ஒரே ஒரு முதல் பரிசு என்று வைக்காமல், ஒவ்வொரு வகையிலும் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாடுகளில் வெளிநடுவரும் புனைபெயரும்தான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். தன் ஆசிரியர் பாராட்டினால் மாணவர் மகிழ்வார்; ஆனால் அந்தப் பாராட்டில் அன்பு எவ்வளவு, மதிப்பீடு எவ்வளவு என்று அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். தன்னை யாரென்றே தெரியாத ஒருவர், தாளில் இருந்ததை மட்டும் படித்துவிட்டு, இது நல்ல எழுத்து என்று சொல்வது வேறு.

இதை நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் கதையில் பார்க்கலாம். எல்லோரும் சொல்லும் கதைதான், ஆனால் பணத்தின் கணக்கை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

மில்லரின் அப்பாவுக்கு நியூயார்க்கில் கோட்டுத் தயாரிக்கும் தொழில் இருந்தது. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு குடும்பம் நொடித்துப்போனது. பள்ளியில் மில்லர் சுமாரான மாணவர். மிச்சிகன் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. திரும்பத் திரும்ப எழுதிக் கேட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. அதுவும், செலவுக்குக் கையில் 500 டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மோட்டார் உதிரிப்பாகக் கிடங்கு ஒன்றில் வாரம் 15 டாலர் சம்பளத்துக்கு வேலை செய்து, அந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டு 1934ல் ஆன் ஆர்பர் வந்துசேர்ந்தார். மாணவர்களின் எழுத்துக்குப் பணம் கொடுக்கும் பல்கலைக்கழகம் என்பதும் அவர் மிச்சிகனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். அங்கே பாத்திரம் கழுவினார், ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி போட்டார், மாணவர் நாளேட்டில் செய்தி எழுதினார்.

1936 வசந்த விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போனபோது அவர் விடுதியில் தங்கி ஆறு நாள்களில் ஒரு நாடகம் எழுதினார். நாடகம் அதிகம் பார்த்தவர்கூட இல்லை. ஓர் அங்கம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதையே பக்கத்து அறைக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். 'நோ வில்லன்' என்ற அந்த நாடகத்தில் வருவது ஒரு கோட்டுத் தயாரிப்பாளரின் குடும்பம், வேலைநிறுத்தம், மகனுக்கும் அப்பாவுக்கும் நடுவே வரும் மோதல். அவர் வீட்டுக் கதைதான். அந்த ஆண்டு ஹாப்வுட் குழு ஒரு தலைப்பைக் கொடுத்திருந்தால் அந்த வீடு மேடைக்கு வந்திருக்காது. நாடகத்துக்குச் சிறிய பரிசு கிடைத்தது: 250 டாலர்.

அந்த 250 டாலர், பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அவர் காட்ட வேண்டியிருந்த தொகையில் சரிபாதி. கிடங்கில் 16 வாரத்துக்கும் மேல் வேலை செய்தால் கிடைக்கும் சம்பளம். ஆறு நாள் எழுத்துக்கு அது கிடைத்தது என்பது அந்த இளைஞர் மனத்தில் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். எழுத்தும் உழைப்புதான், அதற்கும் கூலி உண்டு என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். பத்திரிகைத் துறைக்கென்று வந்தவர் ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். கென்னத் ரோ என்ற பேராசிரியரிடம் நாடகம் எழுதும் வகுப்பில் சேர்ந்தார். 1937ல் வேறொரு நாடகத்துக்கு மறுபடியும் ஹாப்வுட் பரிசு பெற்றார். 1938ல் ஒரு சிறைச்சாலை நாடகத்தோடு மூன்றாவது முறை போட்டியிட்டார், கிடைக்கவில்லை. இந்தத் தோல்வியையும் நான் பரிசின் பெருமையாகவே எண்ணுகிறேன். இரண்டு முறை வென்றவர் என்பதற்காக மூன்றாவது முறையும் கொடுத்துவிடவில்லை. அவர் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தோடு வந்து நின்றது 1949ல். 'நோ வில்லன்' முதன்முதலாக மேடையேறியது 2015ல், லண்டனில். எழுதி ஏறக்குறைய 80 ஆண்டுக்குப் பிறகு. மாணவர் எழுத்து நல்ல எழுத்தாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அடுத்ததை எழுத வைத்தால் போதும்.

மில்லரைவிடக் கவிஞர் ராபர்ட் ஹேடனின் கதை எனக்கு நெருக்கமானது. டெட்ராய்டின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தவர், கண்பார்வை மிகவும் குறைந்தவர். 1938ல் கவிதைக்குச் சிறிய ஹாப்வுட் பரிசும், 1942ல் பெரிய பரிசும் பெற்றார். 1941 முதல் 42 வரை கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் மிச்சிகனில் பாடம் நடத்தினார். ஹேடன் அவரிடம் படித்தார். பிறகு நீண்ட காலம் தெற்கே, கறுப்பினத்தவருக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் வேலை. அதிகம் பேர் அறியாத கவிஞராகவே பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். 1976ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகரானார். இன்று அரசவைக் கவிஞர் என்று அழைக்கப்படும் பதவி அதுதான். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினக் கவிஞர் அவர். முதல் பரிசுக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் நடுவே 38 ஆண்டுகள். புனைபெயரில் கைப்பிரதி கொடுக்கும் விதி, 1938ன் அமெரிக்காவில் ஒரு கறுப்பின மாணவருக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நாம் சாதி நிறைந்த ஊரிலிருந்துகொண்டு எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பெயரைப் பார்த்தும், தகப்பன் பெயரைப் பார்த்தும் ஆளை எடைபோடும் பழக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கே இந்த விதி கட்டாயம் இருக்க வேண்டும்.

எழுத்தாளர் மார்ஜ் பியர்சியும் டெட்ராய்டின் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். அவர் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். 1957ல் கிடைத்த ஹாப்வுட் பணத்தால்தான் படிப்பை முடித்து, சில காலம் பிரான்சில் இருந்து எழுதவும் முடிந்தது.

பரிசு வாங்கியவர்கள் பிறகு அடுத்தவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜான் சியார்டி பாஸ்டனில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தின் பிள்ளை. அவருடைய கல்லூரி ஆசிரியர் ஒருவர், ஹாப்வுட் போட்டி இருக்கிறது, அங்கே போ என்று சொல்லி அனுப்பியதால் மிச்சிகனுக்கு முதுகலை படிக்க வந்து, 1939ல் கவிதைக்கான பெரிய பரிசை வென்றார். பின்னாளில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்றார். நடுவில் ஹார்வர்டில் பாடம் நடத்தியபோது அவருடைய வகுப்பில் ஃபிராங்க் ஓஹாரா என்ற மாணவர் இருந்தார். தன்னை அனுப்பியது போலவே அவரை சியார்டி ஆன் ஆர்பருக்கு அனுப்பினார். ஓஹாரா 1951ல் ஹாப்வுட் பரிசை வென்றுவிட்டு நியூயார்க் போய் அங்கே ஒரு புதிய கவிதை இயக்கத்துக்கே நடுநாயகமானார். சியார்டியின் கதை அதோடு முடியவில்லை. மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1923 முதல் நடத்திவரும் கிளாஸ்காக் என்ற மாணவர் கவிதைப் போட்டியில், 1955ல் நடுவர்களாக அமர்ந்தவர்களில் கவிஞர் மரியான் மூரும் அவரும் இருந்தார்கள். அந்த ஆண்டு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரான ஸ்மித் கல்லூரி மாணவி சில்வியா பிளாத். மாணவராகப் பரிசு வாங்கியவரே நடுவராக வந்து உட்காரும்போது, அந்தக் கைப்பிரதிகள் தக்க கையில் கிடைக்கின்றன.

பணத்தையும் நடுவரையும் சொல்லிவிட்டேன். இடத்தைச் சொல்லவில்லை. 1930களில் ஆஞ்செல் ஹால் என்ற கட்டடத்தில் ஹாப்வுட் அறை என்று ஒன்றைத் திறந்தார்கள். ஒரு பெரிய வட்ட மேசை, அன்றைய இலக்கிய இதழ்கள், புதிய கவிதை நூல்கள், பரிசு பெற்ற கைப்பிரதிகள். வியாழக்கிழமை பிற்பகலில் தேநீர். எழுதுகிற மாணவர் யாரும் வந்து உட்காரலாம். 1930களின் நடுவிலிருந்து 1952 வரை பரிசை நிருவகித்த ராய் கௌடன் என்ற பேராசிரியர், மாணவர் ஒவ்வொருவரோடும் தனியே உட்கார்ந்து அவர் கைப்பிரதியைப் பார்ப்பவர் என்று பெயரெடுத்தவர். ஓஹாராவும் அவரிடம் படித்தார். ஹீபருக்கு ஸ்காட் ஒருநாள் காலையில் செய்ததை இவர் ஆண்டுக்கணக்கில் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசு பத்துப் பேருக்குத்தான் கிடைக்கும். மேசை நூறு பேருக்கும் கிடைக்கும். உங்கள் அறக்கட்டளையில் பரிசுத்தொகைக்கு ஒதுக்குவதில் ஒரு பகுதியைக் குறைத்தாவது, ஓர் அறை, நல்ல சிற்றிதழ்களின் சந்தா, தேநீர் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள் என்று கைகூப்பிக் கேட்பேன்.

பரிசளிப்பு நாளை அவர்கள் நடத்தும் முறையும் கவனிக்கத்தக்கது. ஒவ்வோர் ஆண்டும் வெளியிலிருந்து ஓர் எழுத்தாளர் வந்து பேசுவார். அதை ஒட்டி முடிவுகள் அறிவிக்கப்படும். கவிஞர் தியோடர் ரெட்கி 1960ல் பேசினார். நாவலாசிரியர் சால் பெல்லோ 1961ல் பேசினார். மில்லர் 1963ல் திரும்பி வந்து பேசினார். ரெட்கி அதே பல்கலைக்கழகத்தில் 1929ல் பட்டம் பெற்றவர். போட்டி தொடங்குவதற்கு முன்பே வெளியேறிவிட்டார். பரிசு இல்லாமலும் அவர் பெரிய கவிஞரானார். இதை மறைக்க வேண்டியதில்லை. தமக்கு வயது எட்டாமல் போன பரிசைப் பெறப் போகும் மாணவர்கள் முன்னால் அவர் நின்று, லூயிஸ் போகன் என்ற சக கவிஞரின் கவிதையைப் பற்றிப் பேசினார். மாணவர்களுக்கு அன்று கிடைத்தது அறிவுரை அல்ல, ஒரு கவிஞர் இன்னொரு கவிஞரை எப்படிப் படிக்கிறார் என்ற பாடம். நம் ஊரில் பரிசளிப்பு விழா என்றால் அமைச்சரையும் தாளாளரையும் மேடையேற்றிவிட்டு எழுதிய பிள்ளைகளைக் கடைசியில் வரிசையில் நிறுத்துகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இப்போதைய நிலை பற்றிச் சுருக்கமாக. காலப்போக்கில் மிச்சிகனில் முதுகலைப் படைப்பெழுத்துப் படிப்பு வளர்ந்தது; போட்டியின் வகைகளும் கூடின. எழுதிக்கொண்டிருக்கும் நாவலுக்கே ஒரு பரிசு உண்டு. அதை வாங்கிய எலிசபெத் கொஸ்டோவாவின் நாவல் 2005ல் வெளிவந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாவலாசிரியர் ஜெஸ்மின் வார்ட் அங்கே படித்தபோது ஐந்து ஹாப்வுட் பரிசுகள் வாங்கினார். பிறகு 2011லும் 2017லும் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதை வென்றார். இன்னொரு நாவலாசிரியரான செலஸ்ட் இங் ஒரு சிறுகதைக்காக வாங்கினார். திரைக்கதை எழுதியும் இயக்கியும் பெயர்பெற்ற லாரன்ஸ் காஸ்டன் 1960களின் கடைசியில் ஹாப்வுட் வாங்கியவர். இன்று அவர் பெயரிலும் மில்லர் பெயரிலும் தனி உதவித்தொகைகள் இதே போட்டியோடு சேர்த்து வழங்கப்படுகின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் வென்றவர்களில் ஒரு கைப்பிடி. ஆண்டுதோறும் பலருக்குக் கொடுக்கும் பரிசு இது, பெரும்பாலோர் எழுத்தாளராகவில்லை. ஆசிரியரானார்கள், வழக்கறிஞரானார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். அதனால் பணம் வீணாகிவிட்டது என்று எண்ணுகிறவர்கள் இந்த மாதிரி அறக்கட்டளை வைக்கக் கூடாது. இருபது வயதில் யார் மில்லராவார், யார் ஆகமாட்டார் என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது. முடியாது என்பதால்தான் பரந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு முதல் பரிசு வைத்து அதைப் பெரிதாக்கினால், நடுவர்கள் பயந்துபோய்ப் பிழையில்லாத, அடக்கமான, யாருக்கும் மனம் நோகாத எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்துப் பரிசு இருந்தால், ஒன்றிரண்டையாவது துணிந்து ஒரு விசித்திரமான கைப்பிரதிக்குக் கொடுப்பார்கள். ஹாப்வுட் கேட்டுக்கொண்ட புதியதும் மாறானதும் நுழைவது அந்த இடுக்கு வழியாகத்தான்.

ஆகவே உங்கள் பத்திரத்தை எழுதும்போது, கதை, கவிதை, நாடகம், கட்டுரை என்று வகைகளை மட்டும் சொல்லுங்கள். தலைப்பும் வேண்டாம், நீதிபோதனை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டாம். பரிசுகளின் எண்ணிக்கையைப் பிற்காலத்தவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள். கல்லூரியில் வேலை செய்கிறவர்கள் இறுதி நடுவராக இருக்கக் கூடாது என்பதைக் கல்வெட்டாக எழுதிவையுங்கள். புனைபெயர் கட்டாயம். கலைக்கல்லூரி என்றால் தமிழ்த்துறை, ஆங்கிலத்துறை மாணவருக்கு மட்டும் என்று ஒதுக்காமல் வணிகவியல், இயற்பியல் மாணவருக்கும் திறந்துவிடுங்கள். ஆனால் எழுத்தைப் பற்றிப் பேச ஒரு சிறு வகுப்பாவது, வாரம் ஒருமுறையாவது, எல்லோருக்கும் இருக்கட்டும். தோற்றவர் அடுத்த ஆண்டு மறுபடி வரலாம், வென்றவரும் வரலாம்.

தொகையைப் பற்றிக் கேட்டீர்கள். கேடயமும் சான்றிதழும் 1,000 ரூபாயும் என்று வைத்தால், அது வீட்டுச் சுவரில் மாட்டப்படும். மாணவர் வாழ்க்கையில் எதையும் மாற்றாது. அதற்காக லட்சக்கணக்கில் கொடுக்கவும் வேண்டாம். மில்லருக்குக் கிடைத்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கல்லூரியில் படிக்கும் ஓர் ஏழை மாணவருக்கு ஒரு பருவத்துக் கட்டணமும் விடுதிச் செலவும் எவ்வளவு ஆகிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். சிறிய பரிசுகூட அதற்குக் குறையக் கூடாது. மாலை நேரத்தில் கடை வேலைக்குப் போகும் ஒரு பையனோ பெண்ணோ நான்கைந்து மாதம் அதை விட்டுவிட்டு எழுத உட்கார முடிய வேண்டும். வட்டியிலிருந்து அவ்வளவு வராது என்றால், முதல் சில ஆண்டுகள் பரிசே கொடுக்காமல் மூலதனத்தைச் சேர்த்துவையுங்கள். அதற்குள் அறையைத் திறந்துவிடலாம்.